கை வரலை

தேவகோட்டை சப் கோர்ட்டில்
மின்விசிறி நின்றுபோன பிற்பகல்.
கூண்டில் சிகப்பி.
பதினாறில் ஒரு பங்கு,
இரண்டாங்கட்டில் ஓர் அறை.

"கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட
ஏன் தயங்கினீங்க?"
"தயங்கலைங்க. கை வரலை."

இங்கிலீஷில் அடிக்க வேண்டும் நான்.
ஹெசிடேட் என்றால்
கண்மாய்க் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு
ஆழம் பார்ப்பது.
ரிலக்டன்ட், கால் இறங்கிவிட்டது,
முழங்கால் தண்ணீரில் நின்று
கரையைத் திரும்பிப் பார்க்கிறது.
வேவர்? அது காற்றடிக்கும் பக்கமெல்லாம்
சாய்கிற கோரை.

இவளோ கண்மாய்ப் பக்கமே வரவில்லை.
வீட்டில்தான் இருந்தேன் என்கிறாள்,
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
மை காயும் மட்டும்.

"ஆச்சாம்மா?" என்றார் ஜட்ஜ்.
இல்லையென்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.
ஹெசிடேட் என்றே அடித்தேன்.

பிறகு வழக்கம்போல்
தமிழில் வாசித்துக் காட்டினேன்:
"கையெழுத்துப் போடத் தயங்கினேன்."
அந்த வரியில் நிமிர்ந்தாள்.

"இதில் ஒரு கையெழுத்து" என்று
தாளை நீட்டினேன்.
பேனாவை வாங்கினாள்.
மூடியைத் தேடி எடுத்து
மாட்டி
மேசைமேல் வைத்தாள்.