பரவை ஒண்ணு

ஆறே முக்கால் பேருந்தில்
கடைசிக்கு முந்தின ஜன்னல்.
வாடிப்பட்டி தாண்டுமுன் காதில் மாட்டிக்கொள்வேன்.
தனிச்சியம் வரைக்கும் ஒன்றும் வராது.
நகரிக்கும் சமயநல்லூருக்கும் நடுவில்
மூன்றாவது பாட்டில்
அந்தப் பெண் பாடுவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுப்பாள்.
அங்கேதான் எனக்கு உடையும்.

தமிழ்ப் பாட்டில் அழ வரவில்லை.
எல்லாச் சோகத்துக்கும்
ஒரு கதாநாயகன் முன்னமே தாடி வளர்த்துவிட்டான்.
எந்தப் பல்லவியைத் தொட்டாலும்
ஒரு கல்யாண மண்டபம், ஒரு சலூன் கடை,
சின்ன மாமா குடித்துவிட்டு
அதையே மூன்று தரம் பாடிய ராத்திரி
கூடவே ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.
ஒப்பாரிக்கோ பேர் வேண்டும்.
பேரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.
நாங்கள் இன்னும் வைத்திருக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் அன்றைக்கு வாயைத் திறந்தேன்.
பக்கத்துக் கட்டிலைக் காட்டி நர்ஸம்மா சொன்னார்:
'மெதுவா. இப்பத்தான் பால் குடிச்சுத் தூங்குது.'
மூடினேன்.
பதினாலு மாதம்.

மில்லில் எனக்கு எடைமேடை.
லாரி நிறைந்து ஏறும், எழுதுவேன்.
காலியாக ஏறும், எழுதுவேன்.
கழித்தால் வருவது சரக்கு.
உள்ளே கறுப்பு அரிசி பொறுக்கும் எந்திரம்,
ஜப்பான்காரன் செய்தது.
மணி மணியாய் விழும்போதே பார்த்து
பழுதானதை மட்டும்
ஒரு பொட்டுக் காற்றால் தள்ளிவிடும்.
ப்ஸ். அவ்வளவுதான் சத்தம்.

அது நின்றுபோன வாரம் மோரிதா வந்தார்.
காளவாசல் லாட்ஜில் தங்கல், மூன்று வேளையும் தயிர்சாதம்.
எந்திரத்தின் வயிற்றைப் பிரித்துப் போட்டுவிட்டு
போனைத் தவிட்டு மூட்டைமேல் சாய்த்து
இந்தப் பாட்டைத்தான் ஓடவிட்டார்.
'உமி உமின்னு பாடுது பாரு இந்தப் பிள்ளை,
ரைஸ்மில் பாட்டு போல' என்றான் சோணைமுத்து.
நான் மோரிதாவை வெளியே கூட்டிப்போய்
மில்லுக்குப் பின்னால் குவிந்து கிடப்பதைக் காட்டினேன்.
உமி, என்றேன்.
அவர் கையைப் புருவத்தில் வைத்து
அந்தத் திசையில் வெகுநேரம் தேடினார்.
குவியலைத் தாண்டி,
புளியமரங்களைத் தாண்டி,
சிறுமலையையும் தாண்டி.
பிறகு போனில் ஒரு படம் எடுத்து நீட்டினார்.
கடல்.

ஊருக்குப் போகுமுன் நாலு பாட்டை ஏற்றிக் கொடுத்தார்.
மற்ற வார்த்தைகளை நான் கேட்டுக்கொள்ளவில்லை.
இப்பல்லாம் போனே தமிழில் சொல்லுமாம், சோணைமுத்து சொல்கிறான்.
வேண்டாம்டா.
விட்டுப்போனவனைப் பாடுகிறாளோ,
தவறவிட்ட ரயிலையோ, பல்வலியையோ,
பாடட்டும்.
அர்த்தம் ஏறாத வண்டியில்தான்
என் சரக்கை ஏற்ற முடியும்.
அறுநூற்று நாற்பது கிராம்.
ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது.
என் மேடையில் வைத்தால் எண்கூட மாறாது.

இன்றைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா,
மடியில் கொய்யாக் கூடை.
என்ன பாட்டும்மா?
ஜப்பான் பாட்டு.
புரியுமா?
புரியாது.
'புரியாமயா இந்த அழுகை அழுற?'
என்று கேட்டுவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்,
நான் அழுது முடிக்கட்டும் என்று.

'பரவை, பரவையெல்லாம் எறங்கு.'

பத்தாம் வகுப்பு அருஞ்சொற்பொருளில் வந்தது.
பரவை: கடல்.
ஒரு மார்க்.
இத்தனை நாளும் டிக்கெட் எடுத்தபோது தோன்றவில்லை.

மார்க்கெட் வாசலில் இறங்குகிறேன்.
மிதிபட்ட முட்டைக்கோஸ் இலை,
மழை இல்லாமலே நனைந்து கிடக்கும் தார்.
இன்னும் ஒரு பாட்டு மிச்சம் இருக்கிறது.
சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு
மெல்லக் காலை வைக்கிறேன்.