நானூற்று எண்பத்து மூன்று மாடி

வியாழன் இரவு பதினொன்றரை.
ஆன்டாப் ஹில், ஏழாவது மாடி.
கட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது சைக்கிள்.
கீழே தரையில் விரித்த வரைபடம்.
அது சுருளாமல் முனைக்கொன்றாய்
ஒரு ஸ்பேனர், ஒரு தம்ளர், ஒரு சாவிக்கொத்து,
ஜெபசீலியின் இடது முழங்கால்.

காகிதத்தில் ஏரி நல்ல நீலம்.
மலை இடுக்குகளில் கைவிட்டு எதையோ தேடுவதுபோல்
ஆறேழு விரல்கள்.
ஒவ்வொரு விரலையும் சுற்றித்தான் போயாக வேண்டும்.
"குறுக்கே நீந்தினால் ரெண்டே கிலோமீட்டர்"
என்கிறான் சாவந்த்.
அவனுக்கு நீச்சல் தெரியாது.

மொத்த ஏற்றம் ஆயிரத்து நானூற்று ஐம்பது மீட்டர்.
மீட்டர் சொன்னால் எனக்கு உறைக்காது,
லிஃப்ட் மெக்கானிக்குக்கு எல்லாமே மாடிதான்.
மூன்றால் வகுத்தேன்:
நானூற்று எண்பத்து மூன்று, சில்லறை.
லோயர் பரேலில் நான் கிரீஸ் போடும் டவருக்கு
அறுபத்தொரு மாடி.
அதைக் கிட்டத்தட்ட எட்டு முறை ஏறவேண்டும்,
கயிறு இல்லாமல், எதிரெடை இல்லாமல்,
இந்தத் தொடைகளை நம்பி.
(எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஏப்ரலிலிருந்து ஓடவில்லை.
ஒப்பந்தம் வேறு கம்பெனிக்கு.
தினமும் சைக்கிளைத் தோளில் போட்டு ஏறுகிறேன்,
பயிற்சி என்று சொல்லிக்கொண்டு.)

நாளை இரவு கடைசி கசாரா லோக்கல்,
குர்லாவில் லக்கேஜ் பெட்டி.
காலிக் கூடைக்காரிகள் ஒதுங்கினால் மூன்று சைக்கிள்,
ஒதுங்காவிட்டால்
மூன்று சைக்கிளோடு முப்பது வசவு.
கசாராவில் இறங்கி, விளக்கு மாட்டி,
லாரிகளின் புகைக்குப் பின்னால் மலை ஏறி
விடியும்போது ஏரிக்கரை.
அதன் பிறகுதான் சரளை.

டயரில் எவ்வளவு காற்று என்பதில் சண்டை.
முப்பத்தைந்து என்கிறான் சாவந்த்.
"கல்லு மாதிரி அடிச்சா
கல்லு உன்னத்தான் உதைக்கும்" என்கிறாள் ஜெபசீலி.
இருபத்தெட்டில் தீர்ந்தது.
அடுத்தது வலமா இடமா.
வலம் சாமிக்கு, இடம் முட்டிக்கு என்று
அதையும் அவளே முடித்தாள்.

ஆனால் தென்மேற்கு விரலின் நுனியில்
கோடு புள்ளிபுள்ளியாகிறது.
பிறகு புள்ளியும் இல்லை.
செயற்கைக்கோள் படத்தில் அங்கே ஒரு மேகம்,
எந்த மாதம் பார்த்தாலும் அதே மேகம்.

சாயங்காலம் ஒரு நம்பருக்குப் பேசினேன்.
யாரோ எடுத்த படத்தில், டீக்கடைப் பலகையில் இருந்த நம்பர்.
என் மராத்தியை ஒரு பெண் பொறுத்துக்கொண்டாள்.
பாதை இருக்கா?
"தண்ணி இல்லேன்னா இருக்கு."
தண்ணி இருக்கா?
"பாதை இருந்தா இல்லை."
அப்புறம் கேட்டாள், எத்தனை பேர் சாப்பிடுவீங்க?
மூணு.
"பாக்ரி தட்டி வைக்கிறேன்.
வராட்டியும் ஒரு போன் போடுங்க."

லீவு இன்னும் கையெழுத்தாகவில்லை.
சனிக்கிழமை அவசர அழைப்பில் என் பெயர்தான் முதலில்.
பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே
யாராவது சிக்கிக்கொள்வார்கள், எப்போதும்போல.
கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள்:
எவ்வளவு நேரமாகும்?
தெரியாதபோதெல்லாம் நான் சொல்வது
பத்து நிமிஷம்.

ஜெபசீலி அட்டவணை எழுதுகிறாள்.
மலையேற்றம் மூன்று மணி நேரம்.
முதல் மூன்று விரல் இரண்டே கால்.
பாக்ரி அரை மணி, சாவந்துக்கு முக்கால்.
புள்ளிக்கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றது.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பத்து நிமிஷம்" என்றேன்.

எழுதினாள்.
எழுதிவிட்டுத்தான் சிரித்தாள்.

ஒரு மணிக்கு இருவரும் படியிறங்கிப் போனார்கள்.
நாலாவது மாடியில் சாவந்த் எதிலோ இடித்துக்கொண்ட சத்தம்.
வரைபடத்தை மடித்தேன்,
பழைய மடிப்பில் மடியவில்லை.
ஏரி வெளிப்பக்கமாக வந்துவிட்டது.
அப்படியே பையில் வைத்தேன்.