மஞ்சள் இறங்குமுகம்

முதலில் மஞ்சள்தூள் என்றுதான் நினைத்தேன்.
எங்கள் குடோனில் எதன்மேல்தான் அது படியாது?
சாக்குத் தையல்மேல், மாரப்பனின் புருவத்தின்மேல்,
என் கணக்கு நோட்டின் வேர்வைப் பக்கங்கள்மேல்.
எலிக்காக விட்ட வெள்ளைப் பூனை விரலி
மூட்டைச் சந்தில் புகுந்து வந்தால்
மஞ்சளாய்த்தான் வரும்.
நக்கி நக்கி வெளுத்துவிடும்.

அன்றைக்கு நக்கவில்லை.
ஈரத்துணியால் காதைத் துடைத்தேன்.
துணி வெள்ளையாகவே இருந்தது.

இருபத்திரண்டு வருசம்
விரலியும் கிழங்கும் ஒடித்து
உள்நிறம் பார்த்துத் தரம் சொல்கிறவன் நான்.
உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன்.
முதல்தரம்.

நாமக்கல் பஸ்ஸில், கட்டைப்பைக்குள்
பள்ளிபாளையம் பாலம் தாண்டும்வரை கத்தியது.
திருச்செங்கோட்டுக்கு மேல் கத்தவில்லை.
அப்புறம்தான் எனக்குப் பயம் வந்தது.
கால்நடை ஆஸ்பத்திரி வரிசையில்
எனக்கு முன்னால் ஒரு சினை எருமை.
"பூனைக்கா இத்தன தூரம்?" என்றார் எருமைக்காரர்.
"ஆமாங்" என்றேன்.
அதற்குமேல் பழமை வளரவில்லை.

ஈரல் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா.
தின்னாமல் கிடந்தால் உடம்பின் கொழுப்பே
ஈரலில் போய் அடையுமாம்.
கழுத்தோரம் ஒரு குழாய் வைத்துத் தைத்தார்.
"பொழைக்குமுங்களா?"
"பாதிக்குப் பாதி. வெறும் வயிறா மட்டும் விட்றாதீங்க."

"வேற ஒண்ணப் புடிச்சு உடு,
பூனைக்கா பஞ்சம்" என்றார் முதலாளி.
சரியான கணக்குத்தான்.
எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியாமல்
வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

சரசாளுக்குப் பூனையே ஆகாது.
நாச்சக்கா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததை
வாங்கி அப்படியே மூடி வைத்தாள்.
கோழிக்கறியை வேகவைத்து
மிக்சியில் மூன்று தடவை அடித்து
டீ வடிகட்டியில் வடித்தாள்.
"திப்பி இருந்தாக் குழாய் அடைச்சுக்கும்ல"
யாரோடோ சண்டை போடுகிற குரலில்.

வேளைக்கு இருபத்தைந்து மில்லி, ஆறு வேளை.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்:
ரெண்டு கிலோ எழுநூத்தி நாப்பது,
குடோன் மாதிரித் தராசில்.
மறுநாள் இருபது கிராம் குறைவு.
மாத்திரை கால்துண்டு. வாந்தி ஒன்று.
மூத்திரம் கடுங்காப்பி நிறம்.
அஞ்சாம் நாள் அதே எடை.
சிவப்புப் பேனாவில் அடிக்கோடு போட்டேன்.

கறிக்கடை ரபீக் கேட்டான்:
"பூனைக்கு ஈரல் எடுத்து வெச்சிருந்தேனே,
ரெண்டு வாரமா ஆளையே காணோம்?"
உடம்புக்குச் சரியில்லை என்றேன்.
எதில் நோவு என்று
அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

மார்க்கெட்டில் மஞ்சள் ஏறுமுகம்.
மாரப்பன்கூடச் சட்டைக்குத் துணி எடுத்துவிட்டான்.
நான் தினமும் காலை வாசல் வெயிலில்
ஒரு காதை விரித்துப் பிடித்து
இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.
சில நாள் இறங்கின மாதிரி.
சில நாள் வெயிலின் சூது.
மூணாம் வாரத்தில் ஒரு நாள்
கீழே சிந்தின தயிரை
தானாக மோந்து பார்த்தது. நக்கவில்லை.
சரசாள் அன்று தயிர் இன்னும் ரெண்டு இடத்தில் சிந்தினாள்.

வியாழக்கிழமை கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில்
துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள்.
வாய் ஊர்க்கதை பேசும். விரல்தான் பேரம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு
விரலியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து
சிரிஞ்சை மெல்ல அழுத்துகிறேன்.
அவசரப்பட்டால் ஓங்கரிக்கும்.
துண்டுக்கடியில் ஒரு முன்னங்கால்
என் விரலைத் தேடிப் பிடிக்கிறது.
நகம் நீட்டாமல், ஒரு விரல்.
விட்டுவிட்டு, அடுத்தது.
கேட்கிறதா, கொடுக்கிறதா, தெரியவில்லை.

பால் போசியைக் கழுவிக்கொண்டே
"என்னங் சொல்லுது?" என்கிறாள் சரசாள்.

"இன்னும் படியல" என்கிறேன்.