ஆறாவது எண்

மேலே ஒரு சிவப்புப் பட்டை.
அதன் கீழே நாலாயிரத்துப் பத்து ஜோடி ஷூவின் கணக்கு.
படிக்கலாம், திருத்த முடியாது,
கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் ஜாங்கிரி மாதிரி.

ஆம்பூர், பைபாஸை ஒட்டி ரெண்டாவது கம்பெனி.
ராத்திரி எட்டரைக்கும் சுவரில் வெயில் மிச்சமிருந்தது.
வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வண்டி மிதித்து வந்தவனுக்கு
முதலில் தண்ணீர் கொடுத்தார்கள். அப்புறம் வழக்கமான வாக்குமூலம்:
"நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு."
நேற்று வரைக்கும் நல்லா இல்லாத வியாதி எது?

கடிகாரத்தை முதலில் பார்த்தேன்.
மூலையில் 2011, ஜனவரி ஒன்று.
இன்னும் வாங்காத சந்தாவை அது எப்படிப் புதுப்பிக்கும்?
உள்ளே பொத்தான் பேட்டரி செத்திருந்தது.
முப்பது ரூபாய். பையிலேயே இருந்தது.
மாட்டி, தேதியைத் திருத்தினேன்.
அத்தனை வருடத்தையும் ஒரே தட்டில் தாண்டியது கம்ப்யூட்டர்,
நரை இல்லை, மூட்டுவலி இல்லை.
சிவப்புப் பட்டை மட்டும் அப்படியே.

பழைய பதிப்பின் எச்சத்தைத் துடைத்தேன்.
ஃபயர்வாலை இறக்கி ஏற்றினேன்.
அணைத்தேன், போட்டேன்.
என் தொழிலில் பாதி அதுதான், வெளியே சொல்வதில்லை.

வாசலில் கண்டெய்னர் லாரி உறுமிக்கொண்டிருந்தது.
பில் அடித்தால்தான் சீல், சீல் விழுந்தால்தான் சென்னை,
கப்பல் யாருக்கும் நிற்காது என்று
முதாசிர் சாகிப் என் முதுகுக்குப் பின்னால்
தஸ்பீஹ் மணியை உருட்டினார்.

பிறகுதான் கண்ணில் பட்டது அந்த வரி,
சாம்பல் எழுத்தில், சொல்லக் கூச்சப்பட்டது போல:
இந்தத் தயாரிப்புக்கு உரியவர் தேவகிருபை.

ஃபேன் மட்டும் பேசியது கொஞ்ச நேரம்.
"அந்தம்மா இப்ப இல்ல சார்," என்றான் பேக்கிங் பையன்.
"செத்துட்டாங்களா?"
"சேச்சே. நின்னுட்டாங்க."
நின்றாரா, நிறுத்தினீர்களா
என்று கேட்பது என் சர்வீஸ் சார்ஜில் சேராது.

புதுசாக வாங்கலாம். ஆனால்
ஏழு வருட விலைப்பட்டியல் அவர் கணக்கில்,
கடவுச்சொல் அவர் தலையில்,
மீட்கும் எண் அவர் கைப்பேசிக்கு.
"நீயே பேசுப்பா," என்றார் சாகிப்.

ரெண்டாவது மணியில் எடுத்தார்.
பின்னால் யாரோ ஆர்மோனியத்தில் சுருதி தேடினார்கள்.
"அக்கா, ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும்."
"வந்துக்குது. எழுதிக்க.
ஏழு. நாலு. நாலு. பூஜ்யம். ரெண்டு."
ஐந்து கட்டம் நிறைந்தது.
ஆறாவதில் கோடு கண் சிமிட்டியது.
"அப்புறம்க்கா?"
"அப்புறம் நாலு மாச சம்பளம்.
ஸ்பீக்கர்லதான போட்டுக்கினு இருக்க? கேக்கட்டும்."

சாகிப் என் காதருகே குனிந்தார்:
"பத்துல ஒண்ணுதானேப்பா, போட்டுப் பாரேன்."
மூணு தடவை தப்பினால் முழுநாள் பூட்டிக்கொள்ளும் என்றேன்.
உண்மையா என்று எனக்கே நிச்சயமில்லை.
நிச்சயமான குரலில் சொன்னேன்.

மணி உருண்டது. லாரி இருமியது.
சாகிப் கைப்பேசியைத் தூரத்தில் பிடித்து,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
ஒவ்வொரு பூஜ்யத்தையும் தனித்தனியாக எண்ணிப் போட்டார்.
அந்தப் பக்கம் டிங் என்றது.

"ஒம்போது," என்றார் தேவகிருபை.
போட்டேன். நேரம் கடந்துவிட்டது, எண் செல்லாது.

யாரும் மூச்சுவிடவில்லை.
இன்னொன்று அனுப்பச் சொல்லித் தட்டினேன்.
இந்த முறை ஆறையும் ஒரே மூச்சில் சொன்னார்,
"சீக்கிரம் போடு தம்பி, லாரி சத்தம் கேக்குது,
அந்த டிரைவருக்கு இருட்டுல கண்ணு சரியா தெரியாது."

பட்டை போனது. பில் வந்தது. சீல் விழுந்தது.
லாரி போன பிறகு ஒரு நாய் நிதானமாக ரோட்டைக் கடந்தது.

அறுநூற்று முப்பது, என்றேன்.
"நாளைக்கு வாங்கிக்கயேன்," என்றார் சாகிப்,
சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தபடி.

ஸ்குரூ டிரைவரை நான் இன்னும்
பையில் வைக்கவில்லை.