கால் சுற்று

அட்-பாஷி மருத்துவமனையின் ஆம்புலன்ஸ்
பார்க்க ஒரு முழு ரொட்டி மாதிரி இருக்கும்.
ஊரே அதை ரொட்டி என்றுதான் கூப்பிடுகிறது.

அந்த ரொட்டியின் அடியில்
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து
மல்லாந்து கிடக்கிறேன்.
கொட்டகைக்கு வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
உள்ளே அதைவிட இரண்டு டிகிரி கருணை.

சைலன்சர் குழாய் எஞ்சினைச் சேரும் இடத்தில்
நான்கு பித்தளை நட்டுகள்.
மூன்று சுத்தமாக இருக்கின்றன.
நான்காவதைச் சுற்றிக் கரி,
மை தீட்டிய கண் அழுதது போல.

புகை வந்த வழி அதுதான்.
தரைத் தகட்டின் விரிசலில் நுழைந்து
ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்து இருக்கைக்கு.
அங்கே உட்காருகிறவள் ஜிபார்குல், மருத்துவச்சி.
ஒரு வாரமாகத் தலைவலி என்றாள்.
கணவாயின் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று
காரணத்தையும் அவளே சொல்லிவிட்டாள்.
கணவாயில் பிறந்து வளர்ந்தவள்!

போன செவ்வாய்க்கிழமை
இந்த நட்டுகளை முடுக்கியவள் நான்.

மேதெர்பெக் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான்.
மேலே ஆட்டுக்கிடை வீட்டில் ஒருத்திக்கு வலி கண்டிருந்தது.
முதல் நட்டில் ஸ்பானரைப் போட்டு
பல்லைக் கடித்துக்கொண்டு
போகும் மட்டும் முடுக்கினேன்.
பிறகு, போதாதென்று, இன்னும் ஒரு கால் சுற்று.

அந்தக் கால் சுற்று யாருக்காக?
குழாய்க்காக இல்லை.
அந்தப் பக்கம் அமுங்க
எதிர்ப்பக்கம் மயிரிழை வாய் திறந்தது.
மிச்ச மூன்றையும் அவசரத்தில் இறுக்கி
வண்டியின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டி
போ என்றேன்.

இன்று
வந்த சூட்டோடு ஸ்பானரை நீட்டுகிறான் மேதெர்பெக்.
வாங்கவில்லை.
கொதிக்கிற இரும்பு பொய் சொல்லும்.
ஆறட்டும்.
ஒரு குருத் உருண்டையை வாயில் ஒதுக்கிக்கொள்கிறேன்,
கல் போன்ற தயிர், உப்பு, கரைய அரைமணி.
அது கரைந்து முடிந்தால் குழாயைத் தொடலாம்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்தேன்.
ஒரு பக்கம் தாள், ஒரு பக்கம் தடிப்பு:
என் கையெழுத்து.

புதியது.
நான்கு நட்டும் முதலில் விரலால் மட்டும்,
நூல் ஊசியில் போகிற மாதிரி.
பின்னால் தொங்குகிற குழாயை ஆட்டி
அது எங்கே நிம்மதியாக நிற்கிறதோ அங்கே நிற்கவிட்டேன்.
பிறகு ஒன்று, அதன் எதிர் ஒன்று,
பிறகு குறுக்கே, அதன் எதிர்.
கொஞ்சம். எல்லோருக்கும் கொஞ்சம்.
மறுபடி முதலிலிருந்து.
எவ்வளவு என்று புத்தகத்தில் எண் இருந்தது;
எண்ணின் மேல் யாரோ ஒரு காலத்தில்
எண்ணெய்க் கட்டைவிரலை வைத்திருந்தார்கள்.
பக்கத்து ஊரில் கேட்டு வாங்கினேன், எண்ணையும்
டிக் என்று சொல்லும் டார்க் ஸ்பானரையும்.

டிக்.
கை இன்னும் போகலாம் என்றது.
கையை எடுத்துவிட்டேன்.

ஜிபார்குல் தேநீரோடு வந்தாள்.
"உயரம்தானே, புருல்?"
"இல்லை" என்றேன். "நான்."

கோப்பையை அவள் உடனே நீட்டவில்லை.
"அன்றைக்கு அந்தப் பெண் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள்" என்றாள்.
"வலியில் சகஜம் என்று
தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்."

"குழந்தை?"

"அழுதது. நன்றாகவே அழுதது.
அழும் வரை எண்ணிக்கொண்டிருந்தேன்."
எவ்வளவு எண்ணினாள் என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எஞ்சினை ஓடவிட்டு
ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து
மறுமுனையால் இணைப்பைச் சுற்றி வந்தேன்.
புஸ் என்ற சத்தம் எங்கும் இல்லை.
அணைத்தேன். ஆறவைத்தேன். இன்னொரு குருத்.
மறுபடி ஸ்பானர்: இரண்டு நட்டுகள்
துளி இடம் கொடுத்தன, மற்றவை கொடுக்கவில்லை.

ஒவ்வொன்றின் மேலும் குழாயின் மேலுமாக
வெள்ளைப் பெயின்ட்டில் ஒரே கோடு.
நகர்ந்தால் கோடு உடையும், எனக்குத் தெரியும்.

"இருநூறு கிலோமீட்டர் ஓடினதும் கொண்டு வா."
"நடுவில் யாருக்காவது வலி கண்டால்?"
"இறக்கிவிட்டு நேரே இங்கே வா.
அதுவரை பின் ஜன்னலைத் திறந்து வை."
"குளிருமே?"
"குளிரட்டும்."