செருகாத கம்பி

வூட்ஜ் நகர நூலகத்தின் வாசக அறையில்
ஒலிபெருக்கி கூடாது என்று
எழுதியே கொடுத்துவிட்டார்கள்.
பதினோரு வருடமாக
இந்த மூவரின் இரைச்சலுக்கு நான்தான் மதகு.
இன்று விரல்களுக்கு வேலையில்லை.
ஒலிப்பலகை வேனிலேயே கிடக்கிறது,
கடைவாசலில் கட்டிப்போட்ட நாய் மாதிரி.

பழக்கதோஷம்,
காதடைப்பானைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.
பக்கத்து நாற்காலிப் பெண்மணி ஏதோ கேட்டார்.
உதடு மட்டும் அசைந்தது.
வெட்கத்தோடு பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.

ஜெமோவித் கையில் இரவல் வாங்கிய மரக் கிட்டார்.
அதன் வயிற்றில் எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையோ ஒட்டிய
மஞ்சள் வாத்து.
ஓல்கியெர்த் அந்த நெட்டை பாஸை
குடித்துவிட்டு வந்த மைத்துனனைத் தாங்குவதுபோல்
தோளில் சாய்த்து நிற்கிறான்.
போக்னாவுக்கு டிரம் கிடையாது.
பழைய டெலிபோன் டைரக்டரி ஒன்று,
இரண்டு தூரிகை,
கைக்கெட்டும் தூரத்தில் வெந்நீர் ரேடியேட்டர்.

முதலில் 'சுண்ணாம்பு'.
மேடையில் பத்தொன்பது நிமிடம் ஓடும்.
அதில் பதினாறு
கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் முகத்தோடு முகம் வைத்து
ஊளையிடுவது.
வார்சாவில் ஒருமுறை கூரைச்சாந்து உதிர்ந்து
பியரில் விழுந்தது.
அதோடு சேர்த்தே குடித்தார்கள்.

இங்கே மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோயிற்று.
ஊளை வரவேண்டிய இடத்தில்
தலையைக் குனிந்து காத்திருந்தான் ஜெமோவித்.
வாத்து அவனையே பார்த்தது.
இரண்டு ஸ்வரம், நொண்டியடிக்கும் ஒரு தாளம்.
முள்ளில்லாத மீனைத்
தட்டில் நிமிர்த்தி வைக்கப் பார்த்தோம்.
யாரோ கைதட்டினார்கள், பாவம்.

அதைவிட மோசம் வார்த்தைகள்.
அவன் குரலை எப்போதும்
இரைச்சலுக்கு இரண்டு விரற்கடை கீழேதான் வைப்பேன்.
அவன் கேட்டது அப்படி.
அடியில் ஏதோ பெரிய சமாசாரம் இருப்பதாக
ஊரே நம்பியது.
ஒருத்தி மணிக்கட்டில் பச்சைகூடக் குத்தியிருக்கிறாள்:
'எரிந்த பிறகே தெரியும் வீடு'.
இன்று ஐம்பது பேருக்கும் துல்லியமாகக் கேட்டது.
பேட்டரி, பார்லி, பூனைக்கு மருந்து.
வேறொன்றுமில்லை. மூன்று தடவை.
அவளும் வந்திருந்தாள்.
சட்டைக்கையை மெல்ல இழுத்து விட்டுக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால்
தோள்கள் குலுங்குகின்றன.
சிரிப்புதான் என்று நினைக்கிறேன்.

எழுந்து போய் வேனில் உட்காரலாம் என்றிருந்தேன்.
அப்போது 'நாலாவது ஷிஃப்ட்'டைத் தொடங்கினார்கள்.

எனக்குப் பிடிக்காத பாட்டு.
இருப்பதிலேயே சத்தமானது,
சத்தத்தைத் தவிர அதில் என்ன இருக்கிறது
என்று போக்னாவிடமே கேட்டிருக்கிறேன்.
அவள் டைரக்டரியை விரல்முட்டியால் தட்டினாள்.
ஒரு தட்டு.
நிறுத்தம்.
மறுபடி எப்போது தட்டுவாள் என்று தெரியாது.
பாஸ் கம்பி முனகத் தொடங்கி, வேண்டாமென்று விட்டது.
மூச்சு விட்டால் பக்கத்தில் கேட்கும் என்று
அறையே மூச்சைப் பிடித்தது.
அடுத்த தட்டு
ரேடியேட்டரில் விழுந்தது.
மேல்மாடிக் குழாய்கள் வரை போய்
யாரையோ தேடிவிட்டுத் திரும்பி வந்தது.

அந்த இடைவெளிகள்தான் பாட்டு.
அவற்றை நான் ஊர் ஊராக
எதிரொலி குழைத்துப் பூசி மெழுகியிருக்கிறேன்,
கூலியும் வாங்கிக்கொண்டு.

ஆனாலும் 'சுண்ணாம்பை' நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.
எலும்பு இருந்தால்தான் உயிரா?
பால்டிக் கடலில் ஜெல்லிமீனைக் கேட்டுப் பாருங்கள்.
அதைக் கரையில் எடுத்துப் போட்டு
எழுந்து நில் என்றது நாம்.
வெள்ளிக்கிழமை க்தான்ஸ்கில்
ஆறு ஆம்ப்ளிஃபயர், பத்தொன்பது நிமிடம்.
பேட்டரி, பார்லி
பழையபடி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்.
போக்னா கையை உயர்த்தி வைத்திருந்த அந்த நேரம்
மற்றவர்களுக்கு மௌனம்.
எனக்கு இடது காதில் ஓயாத ஒரு ஙொய்,
இந்த மூவர் கொடுத்ததுதான்.
பாஸ் விட்ட ஸ்வரத்துக்கு மயிரிழை மேலே நின்று
அதுவும் வாசித்துக்கொண்டிருந்தது.
கொஞ்சம் குறைக்கலாமே என்று
கை தானாக நீண்டு
மடியில் குமிழைத் தேடியது.