கார் பழுது

விடிய நாலரைக்கு
மார்க்கம் வீதியும் லோரன்ஸும் சந்திக்கிற மூலையில்
தவமலர் நிற்பா.
அடுத்த விளக்கில் மரிவிக்.
கென்னடி தாண்டினால் தெஸ்ஃபாய்,
ஏறின உடனே
சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டு நித்திரை.
ஆளுக்குக் கிழமைக்கு இருபது டொலர்.
கார் என்னுடையது.
பதினொரு வருசப் பழசு, ஹீற்றர் மட்டும் நல்லது.

விமான நிலையத்துக்குப் பின்னால்
ஜன்னல் இல்லாத சமையற்கூடம்.
தட்டில் பாண் இடப்பக்கம்,
பட்டர் அதற்கு மேல்,
கரண்டிப் பொதியின் மடிப்பு உள்ளே பார்க்க.
நாங்கள் ஏறாத விமானங்களில்
எங்கள் கை தினமும் ஏறிப் போனது.

சுவரில் வெள்ளைப் பலகை.
பிராங்க்பேட் 284. டெல்லி 310.
மார்ச் இரண்டாம் கிழமை
பிரெண்டன் துடைத்துத் துடைத்து எழுதினான்.
பிராங்க்பேட் 96.
டெல்லி 41.
ஹொங்கொங் இருந்த இடத்தில் ஈரத்துணித் தடம்.
"நல்லதுதானே, இண்டைக்கு முதுகு நோகாது"
என்றா தவமலர்.

வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது
நெடுஞ்சாலையில் அவ இருமினா.
ஒருக்கால்.
பிறகு வாயைப் பொத்திக்கொண்டு இன்னொருக்கால்.
"கச்சான் தோல்" என்றா.
கையில் கச்சான் சரைதான் இருந்தது.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மரிவிக் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினாள்,
சைபருக்குக் கீழே ஆறு.
தெஸ்ஃபாய் விழித்துக்கொண்டான்.
நான் வானொலியைக் கூட்டினேன்.
கை கழுவுவது எப்படி என்று
ஒரு டொக்டர் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில், நிலவறையில்,
ஒட்சிசன் குழாயோடு மாமா.
இதை நான் யாருக்கும் சொன்னதில்லை,
அன்றும் சொல்லவில்லை.
கார் பழுது, திங்கள் வராது
என்று மூன்று பேருக்கும் எழுதினேன்.
தவமலருக்குத் தமிழில்,
மற்ற இருவருக்கும் ஆங்கிலத்தில்.
ஒரு பொய்க்கு இரண்டு மொழி தேவைப்பட்டது.

திங்கள், வேறு பாதையால் போயிருக்கலாம்.
பழக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது.
லோரன்ஸில் சிவப்பு.
பஸ் தரிப்பில் தவமலர்,
ஊதாக் கம்பளித் தொப்பி,
பனியில் கால் மாற்றி மாற்றி.
அவவுக்கு இனி மூன்று பஸ்.
எனக்கு ஒரு விளக்கு, அது மாறவே இல்லை.
குனிந்து
விழாத எதையோ காலடியில் தேடினேன்.

பார்த்தாவா தெரியாது.
பத்து மணித் தேநீருக்குக்
கச்சான் சரையை என் பக்கம் தள்ளவில்லை.
அது புது விதிமுறையாலா,
என்னாலா?

புதன் பலகையில் எண்ணே இல்லை.
வெளியே நிறுத்தினார்கள்,
ஆளுக்கு ஆள் ஒரு தள்ளுவண்டி நீளம்.
இரண்டு கிழமைதான் என்றான் பிரெண்டன்,
கடிதத்திலிருந்து கண் எடுக்காமல்.
மிஞ்சின பட்டர்ப் பெட்டிகளை எடுத்துப் போகலாமாம்.
கட்டிப்பிடிக்கத் தூக்கிய கையை மரிவிக்
பாதியில் தலைமுடி வலைக்குக் கொண்டுபோனாள்.
"கார் சரியா?" என்றான் தெஸ்ஃபாய்.
இரண்டு கட்டடம் தள்ளி நின்றது கார்.

ஞாயிறு தவமலரின் போன்.
"கார் திருத்தியாச்சோ?
எங்கட மச்சான் ஒராள் எல்ஸ்மியரில கராஜ் வைச்சிருக்கிறார்.
என்ர பேரைச் சொல்லுங்கோ, பாத்து எடுப்பார்."
இலக்கத்தை ஆறுதலாய், இரண்டு தரம் சொன்னா.
நான் எழுதவில்லை.
இருமுகிறாவா என்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் தபால் பெட்டிக்குள் ஒரு உறை.
முத்திரை இல்லை.
வந்திருக்கிறா, மணி அடிக்காமல் போயிருக்கிறா.
நாற்பது டொலர்,
ஒரு துண்டு:
"மார்ச் இரண்டு கிழமைக் காசு.
பிந்தினதுக்குக் குறை நினைக்க வேண்டாம்."

"திறந்தாச்சோ? கையைக் கழுவு" என்றார் இவர்.
காசு மூன்று நாள் காருக்குள் கிடக்கட்டுமாம்,
கிருமி செத்துவிடும்.

மூன்றாம் நாள் எடுக்கப் போனேன்.
பின் சீற்றில், பெல்ட் கொளுவுகிற இடுக்கில்
கச்சான் தோல்,
சிவப்பாய், நகத்தளவு.
ஏறி அதன் பக்கத்தில் இருந்தேன்.
இந்தக் காரில் நான்
பின்னுக்கு இருந்ததே இல்லை.